முப்பத்திரண்டு காலி வீடுகள்

வட்ட அலுவலகத்தில் அவளைப் 'பதிவேடு' என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயரைச் சம்பளப் பட்டியலில் மட்டும் பார்க்கலாம். எந்த வீட்டில் யார் குடியிருக்கிறார்கள், யாருக்கு எத்தனை பிள்ளைகள், யார் பிழைப்புத் தேடி வெளியூர் போனார்கள், எந்தக் கூரை போன மழையில் உட்கார்ந்தது என்பதெல்லாம் அவளுக்கு விரல் நுனியில். அலமாரியைத் திறந்து தூசியில் தும்முவதைவிட அவளைக் கேட்பது சுலபம் என்று அதிகாரியே சொல்வார். கேட்டால், எழுதிக்கொண்டிருக்கும் தாளிலிருந்து தலையை நிமிர்த்தாமலே பதில் சொல்வாள். ஒருநாளும் தப்பியதில்லை. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. அந்தக் கர்வம்தான் அவள் காலை வாரிவிட்டது.

அது சின்ன வட்டம். ஒரு கடைத்தெரு, நாலு கிராமம், மலைச்சரிவில் ஒரு மர ஆலை, அவ்வளவுதான். ஆலை ஓடியவரை ஊரில் பாதிப் பேருக்கு அதுதான் சோறு போட்டது. அவள் கணவன் அங்கே பன்னிரண்டு வருஷம் ரம்பம் ஓட்டினான். ஆலைக்குப் பின்னால் இரண்டு வரிசையாக முப்பத்திரண்டு குடியிருப்புகள். பதினான்காம் எண் வீட்டுக்குத்தான் அவள் கல்யாணமாகி வந்தாள். இரண்டு பிள்ளைகளும் அங்கேதான் பிறந்தார்கள். திடீரென்று ஒரு திங்கட்கிழமை ஆலைக் கதவில் பூட்டுத் தொங்கியது. மூன்று மாதத்தில் எல்லோரும் காலி செய்தாக வேண்டும் என்றார்கள். கடைசியாகக் கிளம்பிய லாரியில் அவர்கள் சாமான்தான் போனது. பீரோவின் மேல் உட்கார்ந்து வந்த கணவன் வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்குப் பிறகு அவள் அந்தச் சரிவுப் பாதையில் கால் வைக்கவில்லை. வைக்கவும் கூடாது என்று மனசுக்குள் முடிச்சுப் போட்டுக்கொண்டாள்.

இரண்டு வருஷம் கழித்து மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வந்தது. கடைத்தெருவும் மலைச்சரிவும் அவள் பங்குக்கு விழுந்தன. கடைத்தெருவைக் குறையில்லாமல் முடித்தாள். ஒரு வீட்டில் நாயையும் சேர்த்து ஏழு பேர் என்று சொன்ன கிழவரோடு அரைமணி நேரம் மல்லுக்கட்டி, நாயைக் கழித்து ஆறு என்று எழுதினாள். மிச்சம் இருந்தது ஆலைக் குடியிருப்பு. அன்றைக்குக் காலையிலிருந்தே நசநசவென்று மழை. சரிவுப் பாதை தொடங்கும் இடத்தில் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மேலே போனால் பதினான்காம் எண்ணின் கதவைத் தட்ட வேண்டும்; யாரும் திறக்க மாட்டார்கள்; பூட்டிய வீடு என்று தன் கையாலேயே எழுத வேண்டும். மேலே யார் இருக்கப்போகிறார்கள், கடைசி லாரியே நம்முடையதுதானே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். திரும்பி வந்து தேநீர்க் கடையில் உட்கார்ந்து, முப்பத்திரண்டு படிவங்களிலும் 'காலி' என்று எழுதினாள். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

ஒவ்வொரு படிவத்திலும் இரண்டு கையெழுத்து வேண்டும். அவளோடு கணக்கெடுக்கத் தற்காலிகமாக ஒரு பெண்ணை எடுத்திருந்தார்கள். கைக்குழந்தைக்காரி, தலைமுடியை வைத்து அவளைச் 'சுருட்டை' என்பார்கள். "அக்கா நீங்க பார்த்தீங்கன்னா சரிதான்" என்று சொல்லி, குழந்தையை இடுப்பில் வைத்தபடியே முப்பத்திரண்டிலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

ஆறு மாதத்தில் கணக்கு வெளியானது. வட்டத்தின் மக்கள்தொகை மூவாயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தொன்று. நாலாயிரத்துக்குக் கீழே போனால் ஆம்புலன்ஸ் வண்டியும் பிரசவ மருத்துவரும் கிடையாது என்பது சுகாதாரத் துறையின் விதி. வண்டி பக்கத்து நகரத்துக்குப் போய்விட்டது. மருத்துவர் தன் மேசையைத் துடைத்துவிட்டு எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு கிளம்பினார். ஊரில் இரண்டு வாரம் அதே பேச்சு. ஐம்பத்தொன்பது பேர்தானே குறைச்சல், எங்கிருந்தாவது பிடித்துக்கொண்டு வந்திருக்கக் கூடாதா என்று முடிதிருத்தும் கடையில் கேலி பேசினார்கள். அவளுக்கும் வருத்தம்தான். ஆனால் ஊர் கரைந்துகொண்டிருப்பதை அவளைவிட யார் கண்டார்கள்? கணக்கெடுப்புக்கு முன்பே நெடுஞ்சாலை வேலைக்கு வந்த பொறியாளர்கள் கேட்ட வாடகையைக் கொடுத்து வீடுகளைப் பிடித்ததும், கடைத்தெருவில் பழைய குடித்தனக்காரர்கள் ஒவ்வொருவராகக் காணாமல் போனார்கள். எல்லோரும் ஊரை விட்டே போய்விட்டார்கள் என்றுதான் அவள் மனப் பதிவேட்டில் குறித்து வைத்திருந்தாள்.

அடுத்த வருஷம் பாழடைந்த காலி வீடுகளை இடித்துத் தள்ள ஒரு திட்டம் வந்தது. பட்டியல் கணக்கெடுப்பிலிருந்து தானாகவே தயாரானது. முதல் முப்பத்திரண்டு வரிகளும் ஆலைக் குடியிருப்பு. முப்பது நாளில் இடிக்கப்படும் என்று ஒவ்வொரு கதவிலும் அறிவிப்பு ஒட்ட வேண்டும். அதிகாரி தாள்கட்டையும் பசைச் சட்டியையும் அவள் மேசையில் கொண்டுவந்து வைத்தார்.

"நீதாம்மா போகணும். உனக்குத்தான் அந்த இடம் தெரியும்" என்றார்.

மறுப்பதற்கு ஒரு காரணமும் அகப்படவில்லை. அலுவலக ஜீப் ஆலைக் கதவுவரை போனது. அதற்குமேல் நடந்தாள். வளைவு திரும்பியதும் அவள் முதலில் பார்த்தது கொடியில் காய்ந்த துணிகளை. குழந்தைச் சட்டைகள், வேலைக்குப் போடும் கால்சட்டைகள், ஒரு போர்வை. யாரோ காயப்போட வந்திருக்கிறார்கள் என்று ஒரு கணம் முட்டாள்தனமாக நினைத்தாள். பிறகு கூரைகளைப் பார்த்தாள். ஏழெட்டு வீடுகளில் புகை. இரண்டு வரிசைக்கும் நடுவே ஒரு பெண் குழாயில்லாத தொட்டியிலிருந்து தண்ணீர் மொண்டுகொண்டிருந்தாள். அவளைத் தெரியும். கடைத்தெருவில் காய்கறி விற்றவள். ஊரை விட்டுப் போனவளாக இவள் குறித்து வைத்தவள்.

தாள்கட்டைப் பைக்குள் திணித்துவிட்டு, பசைச் சட்டியை என்ன செய்வதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். கால்கள் அவளைக் கேட்காமலே பதினான்காம் எண் வீட்டுக்குப் போயின. கதவு திறந்திருந்தது. ஜன்னலோரம் காலால் மிதிக்கும் தையல் இயந்திரத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். அவளையும் தெரியும். மருந்துக்கடைக்கு மாடியில் தைத்துக்கொண்டிருந்தவள்.

"வாங்கக்கா, வட்ட ஆபீஸ்லருந்து தானே? உக்காருங்க" என்று தையல்காரி நாற்காலியிலிருந்த துணிகளை அள்ளி ஒதுக்கினாள். "ஒருவழியா யாராவது வந்தீங்களே."

அவள் உட்கார்ந்தாள். தையல்காரி தானாகவே பேசினாள். வாடகையை ஒரே வருஷத்தில் இரண்டு மடங்காக்கிவிட்டார்கள். பிள்ளைகளின் பள்ளிக்கூடம் இங்கே, புருஷனுக்குக் கொத்தனார் வேலையும் இங்கே, எங்கே போவது? ஆலை முதலாளியின் ஆளைப் பார்த்துப் பேசி, பழுது பார்த்துக் குடியிருந்துகொள்ளலாம் என்று எழுத்து வாங்கியிருக்கிறார்கள். இருபத்தாறு வீட்டில் ஆட்கள் இருக்கிறார்கள். குஞ்சு குளுவான் சேர்த்து எண்பத்தேழு பேர்.

எண்பத்தேழு. கூட்டிப் பார்க்க அவளுக்குக் காகிதம் தேவைப்படவில்லை. நாலாயிரத்து இருபத்தெட்டு.

"எப்ப வந்தீங்க?" என்று கேட்டாள்.

"கணக்கெடுப்புக்கு நாலஞ்சு மாசம் முன்னாடி. அதைத்தான்க்கா உங்ககிட்ட கேக்கணும். வீட்டிலேயே இருங்க, ஆள் வருவாங்கன்னு ரேடியோல சொன்னாங்க. நாங்க மூணு நாளு வேலைக்குப் போகாம வாசல்லயே உக்காந்திருந்தோம். ஒருத்தரும் வரலை. மழைனால தள்ளிப்போட்டிருப்பாங்கன்னு நினைச்சோம். எங்களையும் சேர்த்துத்தானே எழுதியிருக்கீங்க?"

அந்த நேரம் பார்த்து உள்ளறையிலிருந்து ஒரு ஆள் ஊன்றுகோல்களை ஊன்றிக்கொண்டு வந்தான். தையல்காரியின் புருஷன். ஒரு கால் முழங்காலோடு முடிந்திருந்தது. வந்தவளுக்கு வணக்கம் சொல்லிவிட்டு, சுவரோரம் போட்டிருந்த கட்டிலில் உட்கார்ந்தான்.

சாரம் சரிந்துவிட்டது என்று தையல்காரி சொன்னாள். போன வருஷம்தான். நெடுஞ்சாலைக்காரர்களின் விடுதிக் கட்டடத்தில் இரண்டாவது மாடியிலிருந்து விழுந்தான். வண்டிக்குச் சொன்னால், அது பக்கத்து நகரத்திலிருந்து வந்து சேர இரண்டரை மணி நேரம். கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் காலைக் காப்பாற்றியிருக்கலாம் என்று அந்த நகரத்து ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டர் சொன்னாராம். அதைச் சொல்லும்போது அவள் குரலில் கோபம் இல்லை. ஆயிரம் முறை சொல்லித் தேய்ந்துபோன சேதியைப் போலச் சொன்னாள். கொத்தனார் அதைக் கேட்காதவனைப் போல ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான்.

பைக்குள் இருந்த தாள்கட்டு முப்பத்திரண்டு செங்கல்லைப் போலக் கனத்தது. விசாரித்துச் சொல்கிறேன் என்று மென்று விழுங்கிக்கொண்டு எழுந்தாள். "யார் தப்புன்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்கக்கா. உங்களைத்தான் நம்பியிருக்கோம்" என்று வாசல்வரை வந்து தையல்காரி வழியனுப்பினாள்.

ஒரு தாளும் ஒட்டாமல் திரும்பி வந்தாள். அலுவலகத்துக்குப் போகவில்லை. தலைவலி என்று ஜீப்காரனிடம் சொல்லி நேரே வீட்டுக்கு வந்துவிட்டாள். கணவன் இப்போது பள்ளி வேன் ஓட்டுகிறான். சாயங்காலச் சவாரி முடித்து வந்தவன், அடுப்படியில் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்துத் திடுக்கிட்டான். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். தேநீர்க் கடையைச் சொன்னாள், சுருட்டையின் கையெழுத்தைச் சொன்னாள், கொத்தனாரின் காலைச் சொன்னாள். அவன் குறுக்கே பேசாமல் கேட்டான்.

"நீ மேல போகலைன்னு எனக்கு அன்னிக்கே தெரியும்" என்றான் கடைசியில். "அவ்வளவு மழையில உன் செருப்புல சேறே இல்ல."

"தெரிஞ்சும் ஏங்க கேக்கலை?"

"கேட்டா நீ ஏன் போகலைன்னு சொல்லுவே. அதைக் கேக்க எனக்குத் தெம்பில்ல."

மகள் வந்து விளக்கைப் போட்டு, ஏன் இருட்டில் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று கேட்டதும் ஆளுக்கொரு வேலையைப் பார்க்கப் போனார்கள்.

மறுநாள் அதிகாரியிடம் பாதி உண்மையைச் சொன்னாள். வீடுகளில் ஆட்கள் இருக்கிறார்கள், எண்பத்தேழு பேர், கணக்கில் விட்டுப்போயிருக்கிறது. அதிகாரி நல்ல மனிதர். ஓய்வு பெற இரண்டு வருஷம் இருந்தது. அதுவரை எந்தப் புயலும் வரக்கூடாது என்பதுதான் அவர் வேண்டுதல். அவர் முகம் வெளிறியது. இடிப்பை நிறுத்திவிடலாம், ஆனால் பட்டியல் ஏன் தப்பானது என்று தலைமையகம் கேட்குமே? யாராவது ஒருவரைக் கைகாட்டியாக வேண்டும். படிவங்களை வரவழைத்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு கதவைச் சாத்திவிட்டு வந்து தணிந்த குரலில் பேசினார்.

"இதுல அந்தச் சுருட்டைப் பொண்ணு கையெழுத்தும் இருக்கும்மா. தற்காலிகமா இருந்தவ, இப்ப இங்க இல்லவும் இல்ல. அவதான் போய்ப் பார்த்தான்னு வெச்சுக்கிட்டா யாருக்கும் பெரிசா நஷ்டமில்ல."

அவள் சரி என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்தாள். அந்தத் தலைக்குனிவை அவர் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். எடுத்துக்கொள்ளட்டும் என்றுதான் அவளும் விட்டாள். அதை அவள் பிற்பாடு ஒருநாளும் மறந்ததில்லை. முழுதாக நான்கு நாள் அந்தப் பழி சுருட்டையின் தலையில் உட்கார்ந்திருக்க, இவள் சாப்பிட்டாள், தூங்கினாள், பிள்ளைகளின் சட்டைக்குப் பொத்தான் தைத்தாள்.

ஐந்தாம் நாள் ரொட்டி வாங்கக் கடைத்தெருவுக்குப் போனாள். ரொட்டிக் கடையில் சுருட்டை வேலை செய்வது அவளுக்குத் தெரியும். வேறு கடைக்குப் போயிருக்கலாம். ஏனோ இங்கேதான் வந்தாள். சுருட்டை மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு சிரித்த முகமாக வந்தாள்.

"அக்கா, ஆபீஸ்ல நிரந்தர வேலைக்கு ஆள் எடுக்கறாங்களாமே. நான் விண்ணப்பம் போட்டிருக்கேன். உங்க பேரைத்தான் சாட்சிக்குக் குடுத்திருக்கேன், தப்பில்லையே?"

குழந்தை நடக்க ஆரம்பித்துவிட்டது, கடையில் காலை நாலு மணிக்கே வரச்சொல்கிறார்கள், மாமியாருக்கும் முடியவில்லை என்று சுருட்டை அடுக்கிக்கொண்டே போனாள். ரொட்டிக்குக் காசு வாங்க மாட்டேன் என்றாள். அவள் காசைப் பலகைமேல் வைத்துவிட்டு, ரொட்டியை எடுக்க மறந்து, நேரே அலுவலகத்துக்கு நடந்தாள்.

அதிகாரி தலைமையகத்துக்கான கடிதத்தைத் தட்டச்சுக்குக் கொடுத்திருந்தார். அதைத் திரும்ப வாங்கிவிடச் சொன்னாள்.

"சார், நான்தான் எழுதினேன். அங்க போகவே இல்ல. அந்தப் பொண்ணு என்னை நம்பிக் கையெழுத்துப் போட்டா, அவ்வளவுதான்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "இதை நான் கேக்கலைன்னு வெச்சுக்கறேன்" என்றார். "இருபது வருஷ சர்வீஸ் உனக்கு. கொஞ்சம் யோசிம்மா."

யோசித்துவிட்டேன் என்று சொல்லிவிட்டு, அவர் மேசையிலேயே ஒரு தாளை இழுத்து எழுதிக்கொடுத்தாள். எந்த நாள், எந்தக் கடை, எத்தனை மணி என்று எல்லாம் எழுதினாள். வாழ்நாளில் அவள் எழுதியதிலேயே அவ்வளவு துல்லியமான படிவம் கிடையாது. அவர் இரண்டு முறை படித்துவிட்டுக் கோப்பில் வைத்தார்.

அன்றைக்கே மலையேறினாள். யாரோ சொல்லித் தையல்காரிக்குத் தெரிவதற்குள் தான் சொல்லிவிட வேண்டும் என்று இருந்தது. தையல்காரி முதல்நாள் மாதிரியே நாற்காலியை ஒழித்துப் போட்டாள். அவள் உட்காராமல் நின்றபடியே சொன்னாள். இந்த வீட்டில்தான் குடியிருந்தேன், அதனால்தான் வர மனசில்லை என்றும் சொன்னாள். சொல்லும்போதே அது எவ்வளவு அற்பமான காரணம் என்று அவளுக்கே உறைத்தது.

தையல்காரியின் கால் இயந்திரத்தின் மிதியை விட்டு இறங்கியது.

"நாங்க மூணு நாளு வாசல்ல உக்காந்திருந்தோம்" என்றாள். "பிள்ளைகளைக் குளிப்பாட்டி, நல்ல துணி போட்டு."

தையல்காரி தைத்த துணியை மடித்து ஓரமாக வைத்தாள்.

"போயிடுங்கக்கா. நான் எதாவது சொல்லிடுவேன்."

கட்டிலில் இருந்த கொத்தனார் வாயே திறக்கவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இறங்கி வரும் வழியெல்லாம் நினைத்தாள்.

அவளை ஆறு மாதம் பணியிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். பிறகு இரண்டு படி கீழே இறக்கி, கடிதங்களுக்குத் தபால் முத்திரை குத்தும் இடத்தில் உட்காரவைத்தார்கள். அவளைப் பதிவேடு என்று கூப்பிடுவது தானாகவே நின்றுபோனது. யாரும் பேசி வைத்துக்கொண்டு நிறுத்தவில்லை. சுருட்டைக்கு நிரந்தர வேலை கிடைத்தது. ஆனால் கண்ணால் பார்க்காததற்குக் கையெழுத்துப் போட்டதற்காக எச்சரிக்கைக் கடிதமும் கிடைத்தது. ஒரே கூடத்தில்தான் இரண்டு பேரும் உட்காருகிறார்கள். சுருட்டை மரியாதையாகத்தான் பேசுகிறாள். அக்கா என்ற சொல்லை மட்டும் விட்டுவிட்டாள்.

இடிப்புப் பட்டியலிலிருந்து முப்பத்திரண்டு வீடுகளையும் எடுத்துவிட்டார்கள். ஆம்புலன்ஸ் வரவில்லை. வெளியான கணக்கைத் திருத்த முடியாது, அடுத்த கணக்கெடுப்புவரை மூவாயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தொன்றுதான் என்று தலைமையகம் சொல்லிவிட்டது. இணைப்பாக ஒரு சிறப்புக் கணக்கு மட்டும் எடுத்து அனுப்பலாம், மேலே பரிசீலிப்பார்கள்.

அதற்கு நகரத்திலிருந்து ஒரு இளவயது அலுவலர் வந்தார். வழி காட்ட யாராவது கூட வர வேண்டும் என்றார். கூடத்தில் யாரும் எழுந்திருக்கவில்லை. அவள் முத்திரையைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள்.

சில வீடுகளில் அவளைப் பார்த்ததும் பேச்சு நின்றது. காய்கறிக்காரி அலுவலரின் கேள்விகளுக்குப் பதில் சொன்னாள். இவள் பக்கம் திரும்பவேயில்லை. அவள் வாசலுக்கு வெளியே நின்று, உள்ளே எத்தனை பேர் என்று அவர் கேட்பதையும், பெயர்களை ஒவ்வொன்றாக அவர்கள் சொல்வதையும் கேட்டுக்கொண்டிருந்தாள். வேலைக்குப் போனவர்களையும் விட்டுவிடாமல் சொல்லச்சொன்னாள். பிறந்து பன்னிரண்டு நாளான குழந்தைக்கு இன்னும் பெயர் வைக்கவில்லையே, எழுத வேண்டுமா என்று ஒருத்தி கேட்டாள். எழுத வேண்டும் என்று அவள் முந்திக்கொண்டு சொன்னாள்.

பதினான்காம் எண்ணில் தையல்காரி அலுவலருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். ஒரு தம்ளர்தான் கொண்டுவந்தாள். அவர் குடித்துவிட்டுப் படிவத்தை விரித்தார். பெயர், வயது, பிள்ளைகள், கூரை, தண்ணீர், கழிப்பறை என்று ஒவ்வொன்றாக முடித்துத் தொழில் என்ற இடத்துக்கு வந்தார்.

"தையல்" என்றாள் தையல்காரி.

"சார், உங்களுக்கு?"

"கொத்தனார்" என்றான் கட்டிலில் இருந்தவன்.

அலுவலரின் பேனா நின்றது. அவர் பார்வை கீழே போய்விட்டு மேலே வந்தது. நல்ல பிள்ளை, எப்படிக் கேட்பதென்று தெரியாமல் தவித்தார். தற்போது வேலை இல்லை என்று எழுத ஒரு கட்டம் இருக்கிறது, அதில் குறிக்கட்டுமா என்று வாசல் பக்கம் திரும்பி அவளிடம் கேட்டார்.

கொத்தனாரும் அவளைப் பார்த்தான். முதல்முறையாக நேருக்கு நேர் பார்த்தான். அவள் கண்ணைத் தாழ்த்தவில்லை. தாழ்த்த வேண்டும் போலத்தான் இருந்தது.

"அவர் சொன்னதை எழுதுங்க" என்றாள்.

அலுவலர் எழுதினார். தையல்காரி தம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். போகும்போது கதவைச் சாத்தவும் இல்லை, வாங்க என்று சொல்லவும் இல்லை. அவர் படிவத்தை மடித்துக்கொண்டு வெளியே வந்து, அடுத்த வீட்டில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று கேட்டார்.

"தெரியலைங்க. தட்டிக் கேக்கலாம்" என்றாள் அவள்.

இரண்டு பேரும் பதினைந்தாம் எண்ணை நோக்கி நடந்தார்கள்.